இன்டெல் ஏன் நம்ம போனுக்குள் நுழைய முடியவில்லை? கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு டாக்டரின் நீண்ட த்ரெட்



உங்க கையில் இருக்கிற போனுக்குள் ஓடுற பிராசசர் யாருடையது என்று தெரியுமா? பெரும்பாலும் குவால்காம், மீடியாடெக், யூனிசாக், சாம்சங், ஆப்பிள் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போ உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பாருங்க. ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர், ஸ்கேன் சென்டர், பக்கத்து ஜெராக்ஸ் கடை, எங்கே போனாலும் இன்டெல் ஸ்டிக்கரைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் சிப் என்றாலே பல வருஷம் இன்டெல்தான். ஆனா உங்க போனில் மட்டும் அது இல்லை.

முயற்சி பண்ணலையா? பண்ணினாங்க. ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்டி முயற்சி பண்ணினாங்க. அந்த முயற்சியின் முதல் ஸ்மார்ட்போன் உலகத்திலேயே முதன்முதலில் விற்பனைக்கு வந்தது அமெரிக்காவில் இல்லை. நம்ம இந்தியாவில்.

"டாக்டருக்கு எதுக்கு சிப் கதை?" என்று கேட்பீங்க. காரணம் இருக்கு.

நான் கள்ளக்குறிச்சியில் வேலை பார்க்கும் பொது மருத்துவர். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை பக்கமா மலை ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, அவற்றைச் சுற்றி சின்னச் சின்ன ஊர்கள். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளி என்று நினைச்சுக்காதீங்க, இவங்க தமிழ் பேசுற மலைவாழ் மக்கள்.

அந்த மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தாலோ, பாம்பு கடிச்சாலோ, பிரசவ வலி நேரத்துக்கு முன்னாடியே வந்தாலோ, முதலில் வேலை செய்ய வேண்டிய மருத்துவக் கருவி எது தெரியுமா? யாரோ ஒருவர் கையில் இருக்கும் எட்டாயிரம் ரூபாய் போன். அந்தப் போன் எப்படிப்பட்ட சிப்பில் ஓடுது, அந்த சிப் எப்படி அந்த விலைக்கு அந்த மலைக்கு வந்தது என்பது எனக்கு வெறும் டெக் செய்தி இல்லை.

த்ரெட் கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வாங்க.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இன்டெல் கையடக்கக் கருவி சந்தையில் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது.

1997-ல் டெக் என்ற நிறுவனத்துடன் நடந்த வழக்கு சமரசமானபோது ஸ்ட்ராங்ஆர்ம் என்ற சிப் இன்டெல் கைக்கு வந்தது. இது ஆர்ம் வகை சிப். அதாவது, இன்றைக்கு நம்ம எல்லாருடைய போனிலும் இருக்கிற அதே குடும்பம். பிரிட்டனில் 1990-ல் தொடங்கிய ஆர்ம் நிறுவனம் அன்றைக்குச் சிப் தயாரிச்சு விற்கவில்லை. வடிவமைப்பை மட்டும் உரிமம் கொடுத்தது, யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கித் தன் சிப்பைச் செய்யலாம்.

2000-களின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் கிராமத்து மக்களுக்காக சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினாங்க, ஞாபகம் இருக்கா? எழுத்துத் தெரியாதவருக்கும் திரையில் இருப்பதை இந்திய மொழியில் வாசிச்சுச் சொல்லும். அதற்குள்ளே ஓடியது இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் சிப்.

அதன் அடுத்த தலைமுறை எக்ஸ்ஸ்கேல். பாம் ட்ரியோ, பிளாக்பெர்ரி என்று அந்தக் காலத்துப் பெரிய கைகளில் எல்லாம் இருந்தது.

2006-ல் இன்டெல் அந்தப் பிரிவை மார்வெல் நிறுவனத்துக்கு 60 கோடி டாலருக்கு வித்துடுச்சு. கம்ப்யூட்டர் சிப்பில் வரும் லாபத்துக்கு முன்னாடி போன் சிப்பின் லாபம் சுண்டைக்காய். வித்தது தப்பு என்று அன்றைக்குப் பெரிதாக யாரும் சொல்லவில்லை.

சுமார் ஆறே மாதத்தில், 2007 ஜனவரியில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் கையில் எடுத்துக் காட்டினார்.

அந்த ஐபோனுக்கு சிப் செய்து தர முடியுமா என்று ஆப்பிள் இன்டெலையும் கேட்டது. ஆப்பிள் சொன்ன விலை தங்கள் உற்பத்திச் செலவுக் கணிப்பைவிடக் குறைவாக இருந்ததால் மறுத்துவிட்டோம் என்று அன்றைய தலைவர் பால் ஒட்டலினி 2013-ல் பேட்டியில் சொன்னார். அந்தச் செலவுக் கணிப்பும் தப்பு, எத்தனை போன் விற்கும் என்ற கணிப்போ நூறு மடங்கு தப்பு என்றும் அவரே சொன்னார்.

சரி, விட்டதைப் பிடிக்கணும். எப்படி? இங்கேதான் இன்டெலின் வியூகம் தொடங்குது.

ஆர்ம் பக்கம் திரும்பிப் போகாமல், தன் சொந்த எக்ஸ்86 குடும்பத்தையே, அதாவது கம்ப்யூட்டரில் ஓடுற அதே வகையையே, சுருக்கிச் சுருக்கிப் போனுக்குள் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தாங்க. 2008-ல் ஆட்டம் சிப் வந்தது. 2010-ல் நோக்கியாவுடன் சேர்ந்து மீகோ என்ற இயங்குதளம். அடுத்த வருஷமே நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் போயிடுச்சு. மோடம் இல்லாமல் போன் ஏது என்று, ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனத்தின் வயர்லெஸ் பிரிவை 140 கோடி டாலருக்கு வாங்கினாங்க. 2011-ல் கூகுளுடன் கைகோர்த்து ஆண்ட்ராய்டைத் தன் சிப்பில் ஓட வைச்சாங்க.

2012 ஏப்ரலில் வந்தது ஸோலோ எக்ஸ்900. நொய்டாவின் லாவா நிறுவனம் வெளியிட்டது. உள்ளே மெட்ஃபீல்ட் என்று பெயர் வைத்த 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம் சிப். விலை சுமார் 22,000 ரூபாய். உலகத்திலேயே கடையில் கிடைத்த முதல் இன்டெல் ஸ்மார்ட்போன் அதுதான்.

ஏன் இந்தியா? என் கணிப்பு இது. அமெரிக்காவில் போனை விற்பது செல்போன் கம்பெனிகள். அவங்க அப்போதே 4ஜி கேட்டாங்க, மெட்ஃபீல்டிடம் 4ஜி இல்லை. இங்கே நாம் கடைக்குப் போய் போன் வாங்குவோம், சிம் தனியா போடுவோம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத சந்தை.

நியாயமா ஒன்றைச் சொல்லணும். அந்த சிப் மோசமான சிப் இல்லை. "எக்ஸ்86 போட்டால் போன் அடுப்பு மாதிரி கொதிக்கும், பேட்டரி மதியத்துக்குள் காலி" என்று பலர் ஆரூடம் சொல்லியிருந்தாங்க. வந்ததும் சோதிச்சுப் பார்த்தவங்க அப்படியில்லை என்றுதான் எழுதினாங்க. வேகத்தில் அன்றைய நல்ல போன்களோடு போட்டி போட்டது. மின்சாரச் செலவும் கட்டுக்குள்தான் இருந்தது.

அப்புறம் ஏன் தோற்றது?

மருத்துவக் கல்லூரியில் முதல் நாள் வார்டுக்குப் போகும்போது சொல்லித் தருவது ஒன்றுதான். நோயாளி என்ன குறை சொல்லி வந்திருக்கார் என்பதை முதலில் கேள். உனக்குத் தெரிந்த வைத்தியத்தை நினைச்சுக்கிட்டு உள்ளே போகாதே. வயிற்று வலி என்று வந்தவருக்கு எவ்வளவு திறமையாக எக்கோ எடுத்தாலும் வயிற்று வலி போகாது.

இன்டெலுக்குத் தெரிந்த வைத்தியம் வேகம். சந்தை சொன்ன குறை வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குறை, இரண்டு சிம்.

2012-ல் இந்தியாவில் சாதாரண மனுஷன் போன் வாங்கும்போது கேட்ட முதல் கேள்வி "ரெண்டு சிம் போடலாமா?" என்பதுதான். எக்ஸ்900-ல் ஒரே சிம்.

நகரத்தில் இரண்டாவது சிம் ஆஃபருக்காக. மலையில் அது பிழைப்புக்காக. ஒரு சரிவில் ஒரு கம்பெனி டவர் எடுக்கும், வளைவு திரும்பினால் அது போய் இன்னொன்று எடுக்கும். மலைக்கு முகாம் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது இது. கிராம சுகாதார செவிலியரின் போனில் இரண்டு சிம், அதுவும் வேறு வேறு கம்பெனி. "சார், இதுல வரலன்னா அதுல வருவேன்" என்று இரண்டு நம்பரையும் எனக்குக் கொடுத்து வைச்சிருக்காங்க.

இரண்டாவது குறை, பேட்டரி. அதிலும் சும்மா இருக்கும்போது ஆகும் செலவு.

நம்ம உடம்பு ஒரு நாளைக்கு எரிக்கும் கலோரியில் பாதிக்கு மேல், பலருக்கு 60 முதல் 70 சதவீதம், சும்மா படுத்திருந்தாலே எரிவது. இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்புச் சூட்டைக் காக்க. ஓடி ஆடி வேலை செய்வதற்கு ஆவது மிச்சம்தான். போனும் இப்படித்தான். நாள் முழுக்க சட்டைப் பையில் தூங்குது. அப்போது எவ்வளவு குறைவா குடிக்குது என்பதுதான் சாயங்காலம் பேட்டரி மிஞ்சுமா என்பதைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது குறை, மோடம். டவரோடு பேசும் பகுதி.

டவர் தூரத்தில் இருந்தால் போன் கத்திப் பேச வேண்டியிருக்கும். அதாவது கூடுதல் சக்தியில் சிக்னல் அனுப்பும், திரும்பத் திரும்ப டவரைத் தேடும். அதனால்தான் ஊரில் இரண்டு நாள் நிற்கும் சார்ஜ் மலை ஏறினால் ஒரே நாளில் இறங்குது. உங்களில் பலர் டூர் போனபோது கவனிச்சிருப்பீங்க.

குவால்காமின் பலமே இதுதான். பிராசசரும் மோடமும் ஒரே சிப்பில். இடம் குறைவு, செலவு குறைவு, மின்சாரமும் குறைவு. மெட்ஃபீல்டில் பிராசசர் தனி, மோடம் தனி. இரண்டையும் ஒன்றாக்க இன்டெலுக்கு வருஷக்கணக்கில் ஆச்சு. அதற்குள் வண்டி போயிடுச்சு.

நான்காவது, மொழி.

ஆண்ட்ராய்டு ஆப்களில் பலவும் ஆர்ம் சிப்பின் மொழியில் எழுதப்பட்டவை. இன்டெல் போனில் அவற்றை உள்ளே ஒரு மென்பொருள் மொழிபெயர்த்துக்கொண்டே ஓட வைக்கும். வேலை நடக்கும். ஆனா வடமாநிலத் தொழிலாளி ஒருவருக்கு அவர் நண்பரை நடுவில் வைச்சு வைத்தியம் பார்த்தால் எப்படி? வலி எங்கே என்று புரிந்துவிடும், நேரம் இரண்டு மடங்கு ஆகும். சில நுணுக்கம் விட்டும் போகும்.

ஐந்தாவது, விலை. இதுதான் பெரியது.

அதே காலத்தில் தைவானின் மீடியாடெக் என்ன பண்ணுச்சு என்று பாருங்க. 1997-ல் தொடங்கி, டிவிடி பிளேயருக்கு சிப் செய்த கம்பெனி. போன் சந்தைக்குள் வந்தபோது சிப்பை மட்டும் விற்கவில்லை. போன் எப்படிச் செய்வது என்ற முழு வரைபடம், மென்பொருள், இரண்டு சிம் வசதி எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்தது. பெரிய ஆராய்ச்சிப் பிரிவு இல்லாத சின்னக் கம்பெனியும் அதை வாங்கி, மேலே தன் பெயரை ஒட்டிச் சில மாதத்தில் போனைக் கடைக்குக் கொண்டுவர முடிந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா என்று நம்ம ஊர் கடைகளில் குவிந்த விலை குறைந்த போன்களில் பெரும்பாலானவை மீடியாடெக்தான். கவனியுங்க, இன்டெலோடு கூட்டு வைத்த அதே லாவாவும் இதில் உண்டு.

இன்னொரு உதாரணம் சொல்றேன். மைக்ரோமேக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ராகுல் சர்மா மேற்கு வங்கத்தில் ஒரு கிராமத்துப் பக்கம் போனபோது, கரண்ட் இல்லாத இடத்தில் லாரி பேட்டரியை வைச்சு ஒருத்தர் பொதுத் தொலைபேசி நடத்துவதைப் பார்த்தார். 2008-ல் அவங்க வெளியிட்ட எக்ஸ்1ஐ என்ற போனுக்கு ஒரே பெருமை, சும்மா வைத்திருந்தால் 30 நாள் சார்ஜ் நிற்கும். வேகம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பிச்சுக்கிட்டுப் போச்சு.

அதாவது அவர் நோயாளியின் குறையைக் கேட்டார். மருந்து அப்புறம்.

இன்டெல் கைவிடவில்லை. அடுத்து எடுத்த ஆயுதம் பணம்.

2014-ல் நான்கு கோடி டேப்லெட்டுகளில் எங்கள் சிப் இருக்கணும் என்று இலக்கு வைச்சாங்க. எப்படி? எங்க சிப்பைப் போட்டால் உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவை நாங்களே தருகிறோம் என்று தயாரிப்பாளர்களுக்குக் காசு கொடுத்தாங்க. இலக்கைத் தாண்டி 4.6 கோடி டேப்லெட்டில் ஏறியது. அதே வருஷம் அந்தப் பிரிவின் வருமானம் 20.2 கோடி டாலர். நஷ்டம் 420 கோடி டாலர். நம்ம ரூபாயில் அன்றைய மதிப்புக்கு 25,000 கோடிக்கும் மேல்.

இதை நாங்க இலவச மருத்துவ முகாமில் பார்ப்போம். முதல் நாள் கூட்டம் அலைமோதும், போட்டோ நல்லா வரும். இத்தனை பேருக்கு சர்க்கரை பார்த்தோம் என்று கணக்கும் காட்டலாம். மூணு மாசம் கழிச்சு அதில் எத்தனை பேர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுறாங்க என்பதுதான் உண்மையான எண். முகாம் நின்றதும் ஆள் வரவில்லை என்றால், வந்தவங்க நம்மைத் தேடி வரவில்லை, இலவசத்தைத் தேடி வந்திருக்காங்க.

2016 ஏப்ரலில் இன்டெல் தன் போன் சிப் திட்டங்களை மூட்டை கட்டியது. 2019-ல் போன் மோடம் தொழிலை ஆப்பிளுக்கு 100 கோடி டாலருக்கு வித்தது. அடுத்த வருஷம் நடந்தது இன்னும் கொடுமை. ஆப்பிள் தன் லேப்டாப்பிலிருந்தே இன்டெலை எடுத்துட்டு ஆர்ம் வகை எம்1 சிப்பைப் போட்டது. இவங்க அந்த வீட்டுக்குள் நுழையப் பார்த்தாங்க. அந்த வீட்டுக்காரர் இவங்க வீட்டுக்குள் வந்துட்டார்.

இதெல்லாம் மலைக்கு என்ன செய்தது?

2017-ல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் திருப்பித் தரும் வைப்புத்தொகைக்கு 4ஜி. உள்ளே இருந்தது விலை குறைந்த ஸ்ப்ரெட்ட்ரம், குவால்காம் சிப்கள். அதே விலைப் போட்டிதான் ஸ்மார்ட்போனையும் எட்டாயிரத்துக்கு இறக்கியது. 2021-ல் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் விவரத்தை உடனே பதிவு செய்ய முடிந்தது இப்படி இறங்கி வந்த கருவிகளால்தான். கர்ப்பிணிகளின் பிக்மி பதிவும் அப்படித்தான்.

மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 30 நிமிடத்துக்குள் போடணும் என்பது வழிகாட்டுதல். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகும். மலையில் எடுத்த ஈசிஜியின் போட்டோ கீழே எங்க போனுக்கு வந்தால், ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே இங்கே ஊசியைத் தயாரா வைக்கலாம். அந்த போட்டோ சில நூறு கேபிதான். அதை அனுப்ப எட்டு கோர் பிராசசர் வேண்டாம். சார்ஜ் மிச்சம் இருக்கணும், ஒரு சிம்மிலாவது டவர் இருக்கணும், அவ்வளவுதான்.

ஒரு முகாமில் பெரியவர் ஒருத்தர் என் புதுப் போனைப் பார்த்துட்டுக் கேட்டார். "இது எத்தன நாளு நிக்கும் சாமி?"

ஒரு நாள் என்றேன்.

"அப்ப இது கீழயே இருக்கட்டும்" என்று சிரிச்சார்.

சந்தை ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் செலவு பண்ணும் கம்பெனிகள் இவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

இன்றைக்கு இதை எழுதக் காரணம், இப்போது நம்ம ஆட்களும் சிப் செய்யத் தொடங்கியிருக்காங்க. பேராசிரியர் காமகோடி தலைமையில் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய சக்தி பிராசசர், யாரும் காசு கட்டாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலானது. 2018-ல் அதன் முதல் சிப்கள் தயாரானது எங்கே தெரியுமா? அமெரிக்காவில் இன்டெலின் ஆலையில்தான். பிறகு மொஹாலியில் உள்ள நம்ம அரசு ஆலையிலும் செய்தாங்க. 2020-ல் மூஷிக் என்ற சின்ன சிப்பும் வந்தது. சின்னக் கருவிகளுக்கானது.

இவங்க குவால்காமோடு வேகப் போட்டி போடணும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு குளுக்கோமீட்டர், ஒரு கையடக்க ஈசிஜி, குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும் டாப்ளர். ஒரு வாரம் சார்ஜ் நிற்கணும், டவர் வரும்வரை பதிவைப் பத்திரமா வைச்சிருந்து வந்ததும் தானே அனுப்பணும், விலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டுப்படியாகணும். சக்தியோ அடுத்து வரப்போகும் வேறு எந்த நம்ம ஊர் சிப்போ, வெள்ளிமலைக்கு வந்து நர்சம்மாக்களிடம் குறை கேட்டுட்டு வடிவமைச்சால், அப்படிப்பட்ட ஊர்கள் இந்தியா முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கு. அதுவே பெரிய சந்தை.

கடைசியா, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன் வாங்கித் தரப்போறவங்களுக்கு டாக்டரா சில வார்த்தைகள்.

✅ பிராசசர் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் பார்த்து மயங்காதீங்க. அவங்க கேம் விளையாடப் போறதில்லை.

✅ பேட்டரி 5000 எம்ஏஹெச் அல்லது அதற்கு மேல். ஒரு சின்ன பவர் பேங்கும் சேர்த்து வாங்கிக் கொடுங்க.

✅ இரண்டு சிம், வேறு வேறு கம்பெனி. அவங்க வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும் எந்த நெட்வொர்க் எடுக்குது என்று அங்கேயே போய்ப் பார்த்து முடிவு பண்ணுங்க.

✅ 108 (ஆம்புலன்ஸ்), 104 (மருத்துவ ஆலோசனை), உங்க ஊர் கிராம சுகாதார செவிலியர் நம்பர், மூன்றையும் முகப்பிலேயே தெரியும்படி வைங்க.

✅ அவங்க சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கடைசி ஈசிஜியையும் போட்டோ எடுத்து அந்தப் போனிலேயே தனி ஆல்பமா போட்டு வைங்க. டவரே இல்லாவிட்டாலும் அவசரத்தில் பார்க்கும் டாக்டருக்கு அது பெரிய உதவி.

உங்க ஊரில் எந்த இடத்தில் நின்றால் டவர் எடுக்கும்? கமென்ட்டில் சொல்லுங்க, எல்லாவற்றையும் படிக்கிறேன்.